கொடுக்காத கை

கொனமாரா,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள கோல்மன் அண்ணனுக்கு,

இல்லை, நான் குடித்திருக்கவில்லை. ஆஸ்திரேலியா வரைக்கும் அந்த வீடியோவை அனுப்பியவர்கள் கடைசி ஒரு நிமிடத்தை மட்டும் அனுப்பியிருக்கிறார்கள். மீதியை நான் எழுதுகிறேன்.

எங்கள் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு அன்று பாடகர் லோர்கன் டெவேனுக்குக் கௌரவ முனைவர் பட்டம். அவருக்குப் புகழ் தந்த பாட்டை அவர் முன்னால் நான் பாட வேண்டும் என்றார் எங்கள் துறைத்தலைவர் ஹனோரா. பியானோவோடு. அவர் இசைத்தட்டில் உள்ளபடி இரண்டே சரணம். "அழகாப் பாடிடும்மா. செப்டம்பர்ல நம்ம துறையில வர்ற வேலை உனக்குத்தான்னு வெச்சுக்கோ" என்றார்.

எந்தப் பாட்டு என்று உனக்குத் தெரியும். அப்பா மூழ்கிய வருடம் அம்மா கட்டியது. மூன்றாம் சரணத்தில் அப்பாவின் பெயர், படகின் பெயர், உடல் ஒதுங்கிய பாறையின் பெயர். டெவேன் நம் சமையலறையில் உட்கார்ந்து அதைப் பதிவு செய்துகொண்டு போனார். பிறகு அவர் பாடி வெளியிட்ட இசைத்தட்டில் மூன்றாம் சரணம் இல்லை. அப்பா யாரோ ஒரு காதலனாகிவிட்டார். அட்டையில்: மரபுப் பாடல், இயற்றியவர் தெரியவில்லை.

அட்டையைப் படித்துவிட்டு அம்மா அன்று சிரித்தாள். "தெரியலையாமே! கரண்ட் பில்லு மட்டும் எப்படிடி தவறாம என்னைத் தேடி வருது?"

மேடை ஏறினேன். பியானோக்காரரிடம் வேண்டாம் என்று தலையசைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

முதல் சரணம். இரண்டாவது. நிறுத்தவில்லை.

மூன்றாவதைத் தொடங்கியதும் பக்கத்தில் காலடிச் சத்தம். கண்ணைத் திறந்தேன். சிவப்பு அங்கியில் டெவேன். கையை நீட்டியபடி.

பாட்டு நெஞ்சைத் தொட்டால் கேட்கிறவர் எழுந்து வந்து பாடுகிறவரின் கையைப் பிடித்து மெல்லச் சுழற்றுவார். நம் பக்கத்தில் அந்தக் கையை யாரும் மறுத்ததில்லை. சண்டைக்காரனின் கையைக்கூட. அது டெவேனுக்கும் தெரியும். அவர் கண் நனைந்திருந்தது. பொய்க் கண்ணீர் என்று சொல்லமாட்டேன். ஆனால் கையைக் கொடுத்திருந்தால் அந்தச் சரணமும் அவர் தயவில் பாடியதாகியிருக்கும். கேமராக்கள் தயாராக இருந்தன.

கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

அவர் கை அப்படியே நின்றது. நான் பாடினேன். அப்பா. படகு. பாறை. கடைசி வரியைப் பாடாமல், நம் வழக்கப்படியே பேச்சாகச் சொல்லி முடித்தேன். அதோடு இன்னொரு வரியும் சொன்னேன்: "இதைக் கட்டினது பார்ப்ரே. என் அம்மா. அதோ, பச்சைக் கோட்டு."

கைதட்டல் இல்லை. யாரோ இருமினார்கள்.

காரில் அம்மா கத்தினாள். "நீட்டின கையை விட்டுட்டு நிப்பாங்களா? திருடன் கையா இருந்தாலும் கை கைதான்டி!" அவர் திருடியது உன்னுடையதை அல்லவா என்றேன். "என்னோடதுதானே? அப்ப மாட்டேன்னு நான்ல சொல்லணும். நீ யாரு?"

அவள் கேட்டது நியாயம்தான். ஆனாலும் மறுபடி அந்தக் கை நீண்டால் அதையேதான் செய்வேன்.

கொஞ்ச தூரம் போனதும், பாறையின் பெயரை அவ்வளவு இழுக்கக்கூடாது, இழுத்தால் இரக்கம் கேட்கிற மாதிரி இருக்கும் என்று திருத்தினாள்.

டெவேனிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினால் வேலையைப் பற்றி யோசிக்கலாம் என்கிறார் ஹனோரா. குடும்பத்தின் மானம் என்று நீயும் அதையே சொல்கிறாய். சொல்லாதே, அண்ணா. உன் பிள்ளைகளுக்கு அந்த இசைத்தட்டைப் போடாதே. ஃபோன் செய், அம்மா பாடுவாள். அவர்கள் தாத்தாவின் பெயரை அவள் வாயால் கேட்கட்டும். நீ நன்றாக இரு. காற்றடிக்கிற நாளில் கடலுக்குள் போகாதே.

உன் தங்கை,
மிரன்

பி.கு.: ஹனோராவுக்கு நேற்றே பதில் போட்டேன், மாட்டேன் என்று. பிறகு மீன் ஆலைக்குப் போய் வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தேன்.