கல்வெட்டின் மூன்றாம் பக்கம்

புங்குடுதீவு, செவ்வாய் இரவு

நேற்று காவிய நாயகனின் இலக்கணம் படிப்பித்தேன். "உங்கடை நாயகனைப் பற்றி எழுதுங்கோ. சான்று இல்லாட்டிப் புள்ளி இல்லை" என்றேன்.

இன்று வகுப்புக்கு நிலானி, தகப்பன் செத்த முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்துக் கொடுத்த நினைவுப் புத்தகத்தை, கல்வெட்டை, கொண்டுவந்தாள். மூன்றாம் பக்கத்தை விரித்து, "மனைவியைக் கண்ணின் மணியாய்க் காத்தவர்" என்று வாசித்தாள்.

"இதை எழுதினவர் என்ன சான்றைக் கண்டவர், சேர்?"

"மணி அடிக்கப் போகுது, இரும்" என்றேன். அடிக்க இன்னும் கால் மணித்தியாலம் இருந்தது.

கல்வெட்டில் எழுதியவரின் பெயர் போடுவதில்லை. இந்த ஊரில் செத்தவர்களையெல்லாம் நாயகர்களாக்குகிறவன் நான்தான்.

அவள் கொப்பியில் இரண்டே வரி: "அப்பா நாயகன் அல்ல. சான்று: அம்மாவின் கோணிய கை." அது முறிந்த அன்று, அலறல் என் வீட்டுக்கும் கேட்டது.

முழுப் புள்ளி போட்டேன். பக்கத்தில், அந்தக் கல்வெட்டை எழுதினவன் என்று என் பெயரைப் போடப் பேனை வரவில்லை.