குழாயும் பச்சைக் கதவும்

அன்பு மகள் சின்னக்குட்டிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவன் தயவில் நானும் அப்பாவும் நலம், அப்பாவின் முழங்கால் வலிகூட ஒரு வாரமாக வாய் திறக்கவில்லை. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் கும்பிடும்போதெல்லாம் என் வேண்டுதல்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், வீட்டை விற்றுப் பணத்தோடு உன்னிடமே வந்துவிடுகிறோம் என்றோமே, அந்தப் பேச்சு முறிந்துவிட்டது. வாங்க வருகிறவர்களுக்காக அப்பா வீடு முழுக்க வெள்ளையடித்து, வாசல் இரும்புக் கதவுக்குத் தன் கையாலேயே பச்சைப் பெயிண்ட் அடித்தார். வந்த பெண் கதவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள், மாடித் தொட்டி காலி, அது வெறும் காற்றை விட்டது. தண்ணி லாரி என்னிக்கு வரும், கழிவுத் தொட்டிய யாரு அள்ளுவாங்க என்று கேட்டாள். அவ்வளவுதான், எதிர்வரிசையில் தையல்காரருக்குப் பக்கத்து வீட்டைக் கூடுதல் விலைக்கு முடித்துவிட்டார்கள். இரண்டையும் கட்டியது ஒரே கொத்தனார், ஒரே அளவு. ஆனால் தெருவுக்கு இந்தப் பக்கம் இன்னும் பஞ்சாயத்து, அந்தப் பக்கம் நகராட்சி, கூடுதல் வரி கட்டுகிறார்கள், குழாயும் சாக்கடையும் குப்பை வண்டியும் வருகின்றன. நம் வரிசையையும் சேர்க்க வந்தபோது வரி ஏறும் என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கித் தடுத்தவர் உன் அப்பா, உனக்குத் தெரியாததா. தையல்காரரை வரி கட்டுற ஏமாளி என்று எத்தனை கிண்டல். அவர் இப்போது, அண்ணே உங்க கதவு ஜோரா இருக்கு, குப்பை வண்டிக்குத்தான் கண்ணு தெரியல என்கிறார். அப்பா சிரித்தார், ஆனால் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

வரியில் மிச்சம் பிடித்ததாக நினைத்ததை தண்ணீர் லாரிக்காரரும் கழிவுத் தொட்டி அள்ளுகிறவரும் கொண்டுபோனார்கள், வீட்டு விலையும் கூடவே போனது. அதனால்தான் சொல்கிறேன், ஊருக்கு வெளியே வரி குறைவு, பெரிய வீடு மலிவு என்றாயே, அவசரப்படாதே. எங்களுக்கு ஓர் அறை வேண்டுமென்றுதான் அதைப் பார்க்கிறாய், அம்மாவுக்குத் தெரியாதா. கூடத்தில் ஒரு ஓரம் போதும் கண்ணே. பிள்ளை நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம் இருக்கட்டும். வரி அதிகமென்றால் அது எங்கே போகிறது என்றும் விசாரி, சில இடங்களில் வரியும் போகும், குழாயும் வராது.

நேற்று அப்பா மறுபடி கையெழுத்து வாங்கக் கிளம்பினார், இந்த முறை நம்மைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி. கூடவே நடந்தவர் தையல்காரர். குழாய் வரட்டும், விற்றுவிட்டு வருகிறோம்.

ஆண்டவன் உங்கள் மூவருக்கும் துணையிருப்பான். ஒன்றை மறக்காதே, போனில் அப்பாவிடம் வீட்டு விலையைப் பற்றிப் பேசாதே. கதவு எப்படி வந்திருக்கிறது என்று மட்டும் கேள், அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிரு.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா