விதையை விற்காதீங்க

அன்புள்ள அத்தைக்கு, பெங்களூரிலிருந்து உங்கள் மருமகள் அம்சா எழுதுவது. நான் நல்லா இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

நேற்று இங்கே மழை. நான் சமைக்கிற வீட்டு அம்மா, "என்ன அழகான மழை! சூடா பஜ்ஜி போடு அம்சா" என்றார்கள். வெள்ளத்தில் வேர்க்கடலைக் கொல்லைத் தண்ணீரை வடிய விடப் போன உங்கள் மகன் பிணமாகத்தான் வீட்டுக்கு வந்தார். எனக்கு மழையில் என்ன அழகு? பஜ்ஜியைக் கரிய விட்டேன். திட்டினார்கள், அவ்வளவுதான். வேலை போகவில்லை, பயப்படாதீங்க.

உங்கள் மேலும் கோவம்தான். "வானமே கெட்டுப்போச்சு, இனி எதுக்குப் பயிரு? விதை மல்லாட்டையைத் திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில போட்டுக் காசாக்கிடறேன்" என்று போனில் சொன்னீங்களே! வானத்தைக் கெடுத்தவங்க பஜ்ஜி தின்னுக்கினு இருக்காங்க. நாம ஏன் கொல்லையை விட்டு ஓடணும்? விற்காதீங்க. கார்த்திகையில் வேண்டாம், மழை விட்டபிறகு தையில் விதைப்போம். வடிகாலை இப்போதே ஆழமாக வெட்டச் சொல்லுங்க.

கொஞ்சம் கேப்பை மாவு அனுப்புங்க. தனியாக இருந்தும் கூழுக்கு ரெண்டு பேர் அளவுதான் கை அள்ளுது.

கூப்பிடறாங்க, முடிக்கிறேன். விதைச் சாக்கை எலி கடிக்காமல் உயரத்தில் வையுங்க. ஏர் பின்னால் விதை போட நானே வர்றேன்.

அம்சா