ஏறாமல் நின்ற பருப்பு விலை

மச்சான்,

காலையில் மெஸ்ஸுக்கு வந்த துவரம்பருப்பு மூட்டையைப் பிரித்தேன். வாயைக் கட்டியிருந்த சணலை இழுத்ததும் கிளம்பிய தூசி மூக்கில் ஏற, தும்மித் தீர்த்தேன். “நூறு வயசு மாமா உனக்கு” என்று கிண்டல் பண்ண நீ இல்லை. அடுப்படியிலிருந்து உங்க அக்கா எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் உன் ஞாபகம்தான் வந்திருக்கும், கேட்டால் சொல்ல மாட்டாள்.

“உங்க மச்சானுக்கு என்ன வேலை?” என்று யாராவது கேட்டால், “கடை கடையா ஏறி விலை கேப்பான், ஒண்ணும் வாங்க மாட்டான்” என்பேன். சிரிப்பார்கள். சுனாமி வந்த வருஷம்தான் உனக்கு அந்த அரசாங்க வேலை கிடைத்தது. வெள்ளிக்கிழமையானால் கடலூர் முதுநகரிலிருந்து மோட்டார் வண்டியை முறுக்கிக்கொண்டு சிதம்பரம் வருவாய். அதே கடைகள், அதே ரகம். அரிசி, பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய் என்று போன வாரம் என்ன விலை, இந்த வாரம் என்ன விலை என்று எழுதுவாய். எல்லாம் முடிந்ததும் நம்ம மெஸ்ஸில் சாப்பாடு. “செம்மங்குப்பம் கெமிக்கல் கம்பெனி வாடை இன்னும் மூக்க விட்டுப் போவல, ரசத்த ஊத்து மாமா” என்பாய்.

அரிசி ஏறும்போதும் எண்ணெய் ஏறும்போதும் நான் உன்மேல்தான் எரிந்து விழுவேன். நீ என்னவோ ஏற்றிவிட்டதுபோல! “எழுதி எழுதி என்னத்தக் கிழிச்ச? கொறைக்கச் சொல்லேன்டா.” நீ அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, “ஜொரம் எவ்ளோன்னு பாக்கறவன்கிட்ட மாத்திர கேக்கறியே மாமா” என்பாய். வாய் மட்டும் உனக்கு வங்காள விரிகுடா.

அப்புறம் பருப்பு ஏறிய வருஷம் வந்தது. ரெண்டாயிரத்து ஒன்பது. வாரத்துக்கு வாரம் ஏறி, கிலோ தொண்ணூறைத் தொட்டது. ஊர் மெஸ்ஸிலெல்லாம் சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருந்தது. ஆனால் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மொத்தக் கடையில் மட்டும் விலை பெரிதாக ஏறவில்லை. அந்தக் கடைக்காரர் மகராசன், புண்ணியவான் என்று எல்லாரும் அங்கே ஓடினோம். நானும் ஒரு மூட்டை வாங்கிப் போட்டேன். வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை நீ சாப்பிட உட்காரவில்லை. நேராக அந்த மூட்டைக்குப் போய் ஒரு கை அள்ளி, வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாய். உன் முகம் மாறியது எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

“மாமா, தொவரைன்னா உருண்டையா இருக்கணும். இது ஒரு பக்கம் சரிவா வெட்டுன மாதிரி இருக்கு பாரு. பாதிக்கு மேல கேசரிப் பருப்பு. சாயம் போட்டுக் கலந்திருக்கான். ரொம்ப நாள் தின்னா கால் வெளங்காம பூடும்.”

மூட்டையோடு தூக்கிக் குப்பையில் கொட்டினேன். கொட்டிவிட்டு அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். நீ திட்டவில்லை. கலப்படம் பிடிக்கிற ஆபீஸில் போய்ச் சொன்னாய், பார்க்கிறோம் என்றார்கள். உன் கையில் இருந்தது ஒன்றுதான். அந்தக் கடையில் துவரம்பருப்புக்கு நேரே விலை போடாமல் ‘இல்லை’ என்று எழுதினாய். வாசல் வரை பருப்பு மூட்டை அடுக்கியிருக்கிற கடைக்கு!

உன் ஆபீஸிலிருந்து அந்தக் கடைக்கே ஆள் வந்து, “உங்ககிட்ட பருப்பு இல்லையாமே?” என்று கேட்டதும் விஷயம் வெளியே வந்துவிட்டது. மறுநாளே கடைக்காரருடைய ஆள் ஒருத்தன் நம்ம மெஸ்ஸுக்குச் சாப்பிட வந்தான். மரியாதையாகத்தான் பேசினான். மோரையும் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டு, கை கழுவும்போது, “உங்க மச்சான் கடலூர் ரோட்ல ஒத்தையாதான் போய்ட்டு வராரா?” என்றான்.

உன்னிடம் கெஞ்சினேன். “அவன் சொல்ற வெலைய எழுதிட்டுப் போயேன்டா. ஊருக்கெல்லாம் நீதான் காவலா?”

“வெல எழுதறதுதான் மாமா என் வேல. எந்தப் பொருளோட வெலன்னே தெரியாம எப்டி எழுதறது?”

அடுத்த வாரமும் ‘இல்லை.’ அதற்கடுத்த வாரமும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உன் வண்டிச் சத்தம் கேட்கிறவரை உங்க அக்கா தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். அப்பா அம்மா போன பிறகு உன்னை வளர்த்தவள் அவள்தானே.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, ஆலப்பாக்கம் தாண்டி ஒரு லாரி உன்னை இடித்துவிட்டுப் போனது. பட்டப்பகல், நேர் ரோடு. லாரியும் கிடைக்கவில்லை, ஓட்டினவனும் கிடைக்கவில்லை. விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள். விபத்தாகவே இருக்கலாம். அந்த ரோட்டில் யார்தான் சாகவில்லை? ஆனால் அப்படிச் சொல்லி என் மனசைத் தேற்ற என்னால் இன்றுவரை முடியவில்லை, மச்சான்.

உன் காரியத்தன்று காலையில் ஒரு மூட்டை பருப்பு வந்து இறங்கியது. அந்தக் கடைக்காரர் அனுப்பியது. பின்னாலேயே அவரும் வெள்ளை வேட்டியில் வந்து, உன் படத்துக்கு மாலை போட்டுக் கும்பிட்டார். வாசலில் அவருடைய ஆட்கள் நின்றிருந்தார்கள். அந்த மோர் கேட்டவனும் அதில் இருந்தான். நான் நாற்காலி எடுத்துப் போட்டேன். சனங்களுக்கு நடுவில் வேறென்ன செய்ய?

பந்தி போட்டோம். அவர் முதல் பந்தியிலேயே உட்கார்ந்தார். வத்தக்குழம்பு, கூட்டு, பொரியல் எல்லாம் வந்தது. சோற்றைப் பிசையாமல் நிமிர்ந்து, “சாம்பார் வரலியே?” என்றார்.

உங்க அக்கா அடுப்படியிலிருந்து வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவர் இலைக்கு எதிரே நின்றாள்.

“தொவரம்பருப்பு இல்லீங்க.”

“காத்தாலதானம்மா ஒரு மூட்ட அனுப்புனேன்?”

“ஆமாங்க, ஒரு மூட்ட வந்துச்சு. தொவரம்பருப்புதான் இல்ல.”

பந்தியில் ஒரு கையும் அசையவில்லை. அவர் அவளையே பார்த்தார். அவளும் கண்ணை எடுக்கவில்லை. பிறகு அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கையைக்கூடக் கழுவாமல் வண்டியேறிப் போனார்.

அந்தக் கடை இன்னும் இருக்கிறது. மெஸ் வாசலில் தெரியாத வண்டி நின்றால் நான் போய்க் கதவுக்குப் பின்னாலிருந்து பார்க்கிறேன். உங்க அக்கா அடுப்படியை விட்டு நகர்வதில்லை. “வந்தா வரட்டுமே” என்கிறாள். நீ போகும்போது விட்டுப்போன துணிச்சலில் அவள் எனக்கு ஒரு பிடிகூட வைக்கவில்லை, மச்சான். எல்லாவற்றையும் அவளே எடுத்துக்கொண்டாள். அவளுக்காகப் பயப்படுகிற வேலை மட்டும்தான் எனக்கு.