கணவாயில் முறிந்த தேர்

முகில் இறங்கி இளைப்பாறும் மேன்மலை நாட்டை, மறைந்த கோவேள் எயினனாரின் தேவியாய், இளவரசனுக்கு வயது நிரம்பும்வரை ஆண்டுவரும் தரளநாச்சியார், உப்பும் முத்தும் குறையாத கீழ்க்கடல் நாட்டின் வேந்தரும் எம் உடன்பிறந்தவருமான புன்னைவேளாருக்கு விடுக்கும் ஓலை. நும் கலங்கள் கரை சேர்க. நும் குடிகளின் உலையில் நீர் கொதிக்கும்போதெல்லாம் பானையில் அரிசி இருக்க. நும் கொடி காற்றுக்கு மட்டுமே தலையசைக்க.

அன்னையார் மறைந்தார் என்னும் நும் இரண்டாம் ஓலை கிடைத்தது. அழைத்தும் மூத்த மகள் ஏன் வரவில்லை என்று அதில் கேட்டிருந்தீர். நும் சினம் நியாயமே. விடை சொல்ல வேண்டுமானால் ஒரு பழந்தேரின் கதையைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக் கேளும்.

இந்நாட்டு வழக்கத்தை நீர் அறிவீர். இங்கே வாழ்க்கைப்பட்டு வரும் பெண், தான் மணமகளாய் ஏறிவந்த வண்டியில்தான் தாய்வீடு போகலாம். அரசிக்குத் தேர், குடியானவளுக்குக் கட்டைவண்டி, வேறுபாடு அவ்வளவே. அது ஓடும்வரை பாதை உண்டு, ஓடாமற்போனால் பாதையும் அடைபட்டது. ஐந்து மலைத் தலைவரும் கூடாமல் இவ்வழக்கம் மாறாது. நம் தந்தையார் எமக்குத் தந்த தேரோ, கடற்கரை மணலுக்கென்று புன்னை மரத்தில் அகலச் சக்கரத்தோடு செய்தது. இவ்வூர்ப் பாறைகளில் அது பட்ட பாடு கொஞ்சமன்று.

ஆண்டுதோறும் ஏதேனும் ஒன்று கழன்றது. ஆரக்கால் ஒடிந்தால் நும் கரையிலிருந்து மரம் வர வேண்டும். மரம் வந்து சேர்வதற்குள் கூரை சரியும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று பொருளமைச்சர் வெள்ளிமாறனார் அவையிலேயே பெருமூச்செறிந்தார். இச்செலவில் புதுத்தேர்கள் செய்து தெருவை அடைக்கலாம் என்றும், தேவியார் யானையைக் கட்டித் தீனி போடுகிறார் என்றும் வருந்தினார். அவருக்கென்ன, ஆண்பிள்ளை, தாய்வீடும் குடியிருக்கும் வீடும் அவருக்கு ஒன்றே. யாம் செலவோலைக்கு முத்திரை மோதிரத்தை நீட்டினோம். ஒருமுறை எம் கழுத்து முத்தாரமும் தேரச்சு வாங்கப் போயிற்று.

அன்னையார் படுத்துவிட்டார், அக்கையையே கேட்கிறார் என்று நும் முதல் ஓலை வந்த அன்றே தேரைப் பூட்டச் சொன்னோம். கோட்டை வாசலைத் தாண்டுமுன் சக்கரம் சாய்ந்தது. பெருந்தச்சர் அழும்பிலார் தலையைச் சொறிந்துகொண்டு, ஒன்றைத் தொட்டால் ஒன்பது கழன்று வருகிறது தாயே, நாளைக்குள் முடித்துவிடுகிறேன் என்றார். மறுநாளும் நாளை என்றார். மலைத் தலைவர்களைக் கூட்டலாமா என்று எண்ணும்போதெல்லாம், அதற்குள் தேர் ஆகிவிடுமே என்று தோன்றியது. அந்த நாளையை நம்பித்தான் கெட்டோம், தம்பி.

ஒருவழியாய்ப் புறப்பட்டோம். கணவாய் உச்சியில் அச்சு முறிந்தது. அங்கு நின்றால் நம் கடல் தெரியும். சேலைக்கு நீலக்கரை இட்டது போல ஓரமாய்த் தெரிந்தது. தேரோட்டி முதுவன் அழுதுவிட்டான். என் குதிரையில் ஏறிப் போய்விடுங்கள் தாயே, இங்கே யார் பார்க்கிறார்கள், தலையை வாங்கினாலும் வாய் திறக்க மாட்டேன் என்று காலில் விழுந்தான். போயிருக்கலாம். ஆனால் வண்டி முறிந்து இதே கணவாயிலிருந்து அழுதுகொண்டே திரும்பி நடந்த பெண்கள் எத்தனை பேர்! அரசி மட்டும் குதிரையில் போனாளாம் என்று அவர்கள் கேட்க நேர்ந்தால் எம் மகன் எந்த முகத்தோடு அரியணையில் அமர்வான்? கடலைப் பார்த்துக்கொண்டு சற்று நின்றோம். பிறகு நடந்து திரும்பினோம்.

வாசலில் சக்கரச் சத்தம் கேட்கிறதா என்று அன்னையார் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார் என எழுதியிருக்கிறீர். ஐயோ, அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டிருக்கலாகாதா! அவ்வோலை வந்த மாலையில்தான் அழும்பிலார், கணவாயில் முறிந்த தேரைச் சீராக்கிக் கொண்டுவந்து நிறுத்தினார். நன்றாகச் செய்திருக்கிறார். இப்போது அது முனகாமல் ஓடுகிறது.

நேற்று ஐந்து மலைத் தலைவரையும் கூட்டினோம். எம் முகத்தைப் பார்த்த பின் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. ஆதலால் இது ஆணை: இன்று முதல் மேன்மலை நாட்டில் எந்தப் பெண்ணும், எந்த வண்டியிலும், வண்டி இல்லையேல் கால்நடையாகவும் தாய்வீடு போகலாம், தடுப்பவர் அரச குற்றவாளி. எம் தேர் இனிக் கணவாயில் நிற்கும். வழியில் வண்டி முறிந்தவள் எவளோ அவளுக்கு அது உரியது. அதைப் பழுதுபார்க்கும் செலவு என்றென்றும் அரண்மனையைச் சேர்ந்தது. வெள்ளிமாறனாரே தலைகுனிந்து இதற்கு ஒப்பமிட்டார்.

நும்மிடம் வேண்டுவது ஒன்றுண்டு. என்றேனும் நும் தெருவில் அச்சக்கரங்களின் ஒலி கேட்கும். அக்கை வந்தாள் என்று ஓடிவர வேண்டா; நான் வரமாட்டேன், எனக்கு அங்கே இனி யார் இருக்கிறார்? வந்தவள் யார் மகள் என்றும் கேட்க வேண்டா. விளக்கை எடுத்துக்கொண்டு அவளோடு போய், அவள் அன்னை கண் மூடுமுன் அந்த வீட்டு வாசலில் கொண்டு விடும்.

இவ்வோலை மலையும் கடலும் அறிய, இரட்டைக் காந்தள் இலச்சினை இட்டு விடுக்கப்பட்டது. சொன்னபடி நடக்க.