அம்சவல்லியின் குடல்

மெயின் பஜார்,
நெய்வேலி.
9.6.2019

மாப்பிள்ளை இளவழகனுக்கு, மச்சான் சாமிக்கண்ணு எழுதுவது.

நீ என் தங்கை அம்சவல்லியின் வயிற்றில் உதைத்தாய், குடல் கிழிந்தது. பாண்டி ஆஸ்பத்திரியில் ஒரு முழம் குடலை வெட்டி எடுத்துவிட்டு மீதியைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். பிழைத்துக்கொண்டாள்.

சுரங்க வேலைக்குப் போடும் மைன்ஸ் ஷூவைக்கூடக் கழற்றாமல் உதைத்திருக்கிறாய். முனையில் இரும்பு வைத்த ஷூ. நான் பிறத்தியார் கடையில் போட்டி என்கிற ஆட்டுக்குடலைக் கழுவி, இன்று சொந்தக் கறிக்கடை வைத்திருப்பவன். அறுக்கப்போகும் ஆட்டைக்கூட வயிற்றில் மிதிக்க விட்டதில்லை. நீ கடலூர் ஜெயிலுக்குள் இருப்பதால் தப்பித்தாய். வெளியில் அகப்பட்டிருந்தால் கொக்கியில் தலைகீழாக மாட்டி உரித்திருப்பேன்.

நிற்க. வியாபாரப் பேச்சுக்கு வருகிறேன். உனக்குத் தண்டனை ஆனால் பெர்மனென்ட் வேலை போகும். வேலை போனால் கம்பெனி குவார்ட்டர்ஸ் வீடும் போகும். உன் மகள் எழில்மதி பிளஸ் டூ படிக்கிறாள். அதனால், பாத்ரூமில் வழுக்கி விழுந்து குழாயில் இடித்துக்கொண்டேன் என்று கோர்ட்டில் அம்சாவைச் சொல்ல வைக்கிறேன். பதிலுக்கு, உன் சம்பளம் முழுசும் அவள் கைக்கு வரவேண்டும். குடி கூடாது. கை நீட்டக் கூடாது. சம்மதமா?

இன்னொரு செய்தி. வெட்டிய குடலில் ஒரு துண்டை வளர்த்து ஆராய்ச்சி செய்யலாமா என்று டாக்டர் பிரபாவதி என்பவர் கேட்டார். அம்சா கையெழுத்துப் போட்டிருக்கிறாள். வெட்டிப் போட்ட குடல் வளருமாம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

இப்படிக்கு,
உன் மச்சான்
சாமிக்கண்ணு


கடலூர் சிறை,
17.6.2019

மச்சான் அவர்களுக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. பாத்ரூம் யோசனை நல்ல யோசனை. சம்பளத்தில் பாதி தருகிறேன். முழுசும் பிடுங்கிக்கொள்ள நான் என்ன உங்க கடை ஆடா?

ஷிஃப்ட் முடிஞ்சு கரித்தூசியோடு வந்தவன் சோறு எங்கடின்னு கேட்டேன். எதிர்த்துப் பேசிக்கினு நின்னா. பொண்டாட்டின்னா ஒரு அடி விழத்தான் செய்யும். அன்னிக்குக் கொஞ்சம் பலமா விழுந்துடுச்சு. நம்ம பக்கத்துல யாரு வூட்ல இல்லாதது, சொல்லுங்க?

அவ குடலை யாரைக் கேட்டு ஆராய்ச்சிக்குக் குடுத்தா? புருஷன் உயிரோடதானே இருக்கேன்? என் கையெழுத்து இல்லாம எப்படி எடுத்தாங்க? அதைத் தூக்கிக் குப்பையில் போடச் சொல்லுங்க. திரும்பி வந்ததும் இதுக்கு வேற அவளைக் கேக்க வேண்டியிருக்கு.

எழில்மதியை ஒரு தடவை அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
மாப்பிள்ளை
இளவழகன்


நெய்வேலி,
2.7.2019

இளவழகனுக்கு, சாமிக்கண்ணு எழுதுவது.

உன் கடிதத்தை அம்சாவுக்குப் படித்துக் காட்டினேன். "என் குடலுக்கு அவுரு கையெழுத்தா?" என்றாள். செக்கப்புக்குப் பாண்டி போனபோது, அதைப் பார்க்கணும் என்று டாக்டர் பிரபாவதியிடம் கேட்டாள்.

பெரிய சட்டியில் சுருண்டு கிடக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டு, அவ்வளவுதான். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் வேகவைத்த ஜவ்வரிசி போல உருண்டை உருண்டையாகத் தெரிகிறது. குடலின் உள்தோல் மட்டும் வளர்ந்து இப்படி ஆகுமாம். வயிற்றுப்போக்குக் கிருமியை விட்டு அது எப்படி உள்ளே புகுகிறது என்று பார்க்கிறார்கள். மருந்தை விட்டு, அந்தத் தோல் வழியாக எவ்வளவு உள்ளே இறங்குகிறது என்று அளக்கிறார்கள். குடலின் உள்பக்கத்தில்தான் கிருமி தொற்றும் என்பதால், உருண்டையை உள்வெளியாகத் திருப்பிவிடுகிறார்களாம். போட்டியைத் திருப்பிப் போட்டுக் கழுவியவனுக்கு அது சட்டென்று புரிந்தது.

என் வாய் சும்மா இருக்குமா? "இதை வச்சு மருந்து கம்பெனிக்காரன் சம்பாதிப்பான். எங்களுக்கு என்னம்மா குடுப்பீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு அம்சா கத்தினாள்.

"அண்ணே! உன் கடைக் கொக்கியில தொங்குற குடலா இது? ஜெயில்ல இருக்கிறவன்கிட்ட ஒரு விலை பேசிக்கினு இருக்கே. இங்க வந்து இன்னொரு விலையா? இந்தம்மா என்னைக் கேட்டுத்தான் எடுத்தாங்க. எப்ப வேணாம்னாலும் சொல்லு, நிறுத்திடுறோம்னாங்க. கட்டிக் குடுத்த நாள்லேர்ந்து நீங்க ரெண்டு பேரும் என்னை ஒரு வார்த்தை கேட்டிருப்பீங்களா?"



அவள் மறுபடி மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "உதைக்கிறவன் இல்லாத எடத்துல எப்படி வளருது பாரு" என்றாள்.

ஆகவே என் பழைய பேச்சு ரத்து. பாத்ரூமும் இல்லை, குழாயும் இல்லை. குவார்ட்டர்ஸ் போனால் போகட்டும், தாயும் மகளும் என் கடை மாடிக்கு வந்துவிட்டார்கள். எழில்மதி உன்னைப் பார்க்க வரமாட்டாள். நீ உதைத்தபோது கதவோரம் நின்றவள் அவள். கோர்ட்டுக்குத்தான் வருவாளாம்.

நீ வெளியே வரும் நாளில் உன் குடலைச் சரித்துவிடுவது என்று ஒரு கத்தியைத் தனியாகத் தீட்டி வைத்திருந்தேன். அம்சா பார்த்துவிட்டாள். "அவன் குடல் உனக்கு எதுக்கு? வளத்துப் பாக்கப் போறியா?" என்று பிடுங்கிக்கொண்டாள்.

அவளுக்கும் எனக்கும் முடிந்த பேச்சு இது. நடந்ததை நடந்தபடி அவள் சொல்வாள். நான் குறுக்கே வரமாட்டேன். விவாகரத்துக் காகிதம் வரும், கையெழுத்துப் போடு. போட்டாலும் சாட்சி மாறாது. விடுதலையாகி வந்தபின் எங்கள் தெருவில் நீ கால் வைக்காத வரைக்கும் என் கத்தி ஆட்டுக்கு மட்டும்தான்.

சாமிக்கண்ணு