போகும்போது மட்டும் ஒரு டொக்

மே 4, ஞாயிறு

இந்த ஜீப் வண்டி வீட்டுக்கு வந்தது ஆற்றுப் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போன வருஷம். மகளுக்கு முன்பல் விழுந்ததும், நான் மீசையை எடுத்ததும் அதே வருஷம்தான். இதன் தும்மல், இருமல் எல்லாம் எனக்கு அத்துப்படி. இன்றைக்குக் கேட்டது புதுசு. மலையிறக்கத்து வளைவில், காலுக்குப் பக்கத்தில் — டொக். ஒரே ஒரு டொக். பிறகு ஒன்றும் இல்லை.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஃபோனிடம் சொன்னால் அதுவே தேதி போட்டு எழுதிக்கொள்கிறது. "என்கிட்ட புலம்பினது போதும், அதுகிட்ட புலம்புங்கப்பா" என்று மகள்தான் பழக்கிவிட்டாள்.

மே 6

சந்தைக்குப் போகும்போது இரண்டு தடவை. திரும்பும்போது சத்தமே காணோம். கண்ணில் புரை விழுந்ததிலிருந்து மகள்தான் ஓட்டுகிறாள், நான் பக்கத்து சீட்டு. "நான் தனியா போனா வர்றதே இல்லப்பா. நீங்க ஏறினாத்தான் வருது. உங்க முட்டியா இருக்கும்" என்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மே 7

அண்ணி ஃபோன் பண்ணினார். அண்ணனுக்கு நெஞ்சில் ஆபரேஷன், திங்கட்கிழமை. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆஸ்பத்திரியில். "தம்பியைப் பாக்காம உள்ள போகமாட்டேன்னு அடம் பிடிக்கிறார்" என்றார்.

மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. அந்தச் சேற்றில் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் ஏறும். இருக்கிறது இது ஒன்று. இதில் போய் இப்படி ஒரு டொக்.

மே 8

மெக்கானிக் என்ன சத்தம் என்று கேட்டார். நான் 'டொக்' என்றேன். மகள் 'கர்ரக்' என்றாள். மருமகன் 'ஙொய்ங்' என்றார்.

"மூணு பேரும் ஒரே வண்டியிலதானே வந்தீங்க?"

தூக்கி நிறுத்தி சக்கரத்தை ஆட்டினார், அடியில் கம்பி விட்டு நெம்பினார். எல்லாம் கெட்டி. தனியாக இறக்கத்தில் ஓட்டிவிட்டு வந்தார். பூனை மாதிரி போகிறதாம். "பெரியவரே, சத்தம் வண்டியிலயா, காதுலயா?"

மே 9

சோறு இறங்கவில்லை. யாராவது கதவைச் சாத்தினாலும் டொக் என்றே கேட்கிறது. போற வழியில சக்கரம் கிக்கரம் கழண்டுச்சுன்னா? ஓட்டுறது என் மக. போகலைன்னா... அங்க அண்ணன் வாசலையே பாத்துக்கிட்டுக் கிடப்பார். யாரை விடறது? போகவேண்டாம்னு நானே சொல்லிடட்டுமா? வாய் வரமாட்டேங்குது.

மே 10

மெக்கானிக் அவராகவே வந்தார். மனசு கேட்கவில்லையாம். "எப்பவும் போற மாதிரியே ஏறி உக்காருங்க. நான் பின்னாடி இருக்கேன், என்னை மறந்துடுங்க" என்றார்.

மகள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். நான் ஏறி, பையை மாட்டிவிட்டு உட்கார்ந்தேன். மருந்து, துண்டு, மகள் புதிதாக வாங்கித் தந்த பெரிய தண்ணீர் பாட்டில். வளைவில் பை ஊசலாடியது. டொக்!

"நிறுத்தும்மா!" மெக்கானிக் முன்னால் எட்டிப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறார். "பெரியவரே, அது பை மாட்டுற ஆணி இல்ல!"

கியர் கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டைக் கம்பி. முன்சக்கரத்தையும் இழுக்க வைப்பது அதுதான். உள்ளே தேய்ந்து தளர்ந்திருக்கிறது. பை கனத்தால் அதுவும் சேர்ந்து இறங்குகிறது. பல்சக்கரம் கடிக்கும்போது கர்ரக், விழும்போது டொக். திரும்பும்போது பாட்டில் காலி, சத்தமும் இல்லை. ஸ்பிரிங் மாற்றிக் கொடுத்தார்.

'ஙொய்ங்' எதுவென்று இன்னும் தெரியவில்லை.

மே 11

பை மடியில். வழியெல்லாம் சத்தமே இல்லை. அதுவும் பயமாகத்தான் இருந்தது. சேற்றில் ஒரு முக்கு முக்கி ஏறிவிட்டது. அண்ணன் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என் கையை மட்டும் விடவில்லை.

மே 12

உள்ளே கொண்டுபோயிருக்கிறார்கள்.

மே 14

காலையில் கண்ணைத் திறந்தார். குனிந்து பார்த்தேன். "டேய், தள்ளி நில்லு. வெளிச்சத்தை மறைக்கிற."

அப்பா, அம்மா, மாமா, பெரிய அக்கா, கூட வேலை பார்த்தவர்கள் என்று எல்லாரும் போய்விட்டார்கள். எனக்கும் எழுபத்தெட்டு ஆகிறது. போகிறவன் வருகிறவன் எல்லாம் பெரியவரே என்கிறான். என்னை 'டேய்' என்று கூப்பிட இன்னும் ஒருத்தர் இருக்கிறார். அண்ணன்.